கல்லூரிக்கு குரூப் மெடிக்கல் பாலிசி: தலைக்கு 590 ரூபாய் கொடுக்கலாமா?

அரூர்_ஆபீஸ் | ஜூன் 3, காலை 9:42

எல்லோருக்கும் வணக்கம். அரூர் பக்கம் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். மொத்தம் 812 பிள்ளைகள், அதில் விடுதியில் 230 பேர். போன வருஷம் ஒரு பையனுக்கு அப்பெண்டிக்ஸ் வந்து, எல்லோரிடமும் வசூல் செய்துதான் ஆபரேஷன் முடிந்தது. அதிலிருந்து நிர்வாகம் "இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டது. மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலாவது, தலைக்கு 590. ஒரு லட்சம் மருத்துவச் செலவு, ரூம் வாடகை நாளைக்கு 1,000 வரை, பழைய நோய்க்கு (பாலிசி எடுக்கும் முன்பே இருந்தது) 2 வருஷம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது 1,180. இரண்டு லட்சம், பழைய நோய்க்கும் முதல் நாளே உண்டு, ரூம் வாடகைக்கு வரம்பு கிடையாது. ஆனால் பில்லில் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டும்.

மூன்றாவது 118. விபத்துக்கு மட்டும். உயிரிழப்பு, ஊனத்துக்கு 2 லட்சம், விபத்து சிகிச்சைக்கு 25,000. அம்மாவோ அப்பாவோ விபத்தில் இறந்துவிட்டால் படிப்புக் கட்டணத்துக்கு 50,000.

நடுவில் இருக்கிற 590-தான் நியாயம் என்று கல்லூரி முதல்வர் நினைக்கிறார். பீஸோடு சேர்த்து வாங்கிவிடலாம் என்கிறார்கள். பெரும்பாலும் மரவள்ளிக் காட்டுக்காரர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மாம்பழத்தோட்டம் | ஜூன் 3, காலை 10:15

சார், நேரடியா கேக்கறேன். இதுல கமிஷன் யாருக்கு? என் பொண்ணு படிக்கிற காலேஜ்ல (கிருஷ்ணகிரி பக்கம், பேர் வேண்டாம்) மூணு வருஷமா "இன்சூரன்ஸ்"னு ரசீதுல ஒரு வரி வருது. கார்டு குடுங்கன்னு கேட்டேன். பாலிசி நம்பராவது குடுங்கன்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் வரல. மாங்காய் மண்டியில கூட துண்டுச் சீட்டு குடுப்பாங்க.

---

அரூர்_ஆபீஸ் | ஜூன் 3, காலை 10:31

உங்கள் கோபம் புரிகிறது ஐயா. அதனால்தான் கையெழுத்துப் போடும் முன் இங்கே கேட்கிறேன்.

---

டெஸ்க்மணி | ஜூன் 3, மதியம் 1:20

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 9 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தர்மபுரி, பென்னாகரம், அரூர் கேஸ்கள் எங்களிடம்தான் வரும்.

அந்த 590 பாலிசியில் "ரூம் வாடகை 1,000" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ரூம் வாடகையில் மட்டும் குறைப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

பையன் 4 நாள் இருந்தான், ரூம் நாளைக்கு 2,500. அதற்கு 10,000. டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 30,000. மருந்து, லேப் 22,000. மொத்தம் 62,000. பாலிசி வரம்பு ஒரு லட்சம், ஆகவே முழுசாக வந்துவிடும் என்று அப்பா நிம்மதியாக இருப்பார். ஆனால் 2,500 ரூமில் 1,000தான் அனுமதி, அதாவது 40 சதவீதம். அதே 40 சதவீதத்தை டாக்டர், தியேட்டர் கட்டணத்துக்கும் போடுவார்கள். ரூமுக்கு 4,000, அடுத்ததற்கு 12,000. மருந்துக்கும் லேப்புக்கும் இந்த வெட்டு கூடாது என்பது விதி, ஆகவே அந்த 22,000 முழுசாக வரும். கூட்டினால் 38,000. மீதி 24,000 கையிலிருந்து. கையுறை, பஞ்சு என்று பாலிசி காசு கொடுக்காத சாமான்களைக் கழிப்பது தனி.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு இதை அப்பாவிடம் சொல்ல வேண்டியது நான். திட்டு வாங்குவதும் நான்.

1,180 பாலிசியில் இதே பில்லுக்கு 20 சதவீதம் போனால் 12,400தான் உங்கள் கை.

---

வாலிபன்_ஊத்தங்கரை | ஜூன் 3, மதியம் 1:44

எருது விடும் விழாவுல மாடு முட்டுனா கிளெய்ம் உண்டா அண்ணா 😄

---

டெஸ்க்மணி | ஜூன் 3, மதியம் 2:05

சிரிக்கிறீங்க, தை, மாசி மாசத்துல நெஜமாவே வரும் கேஸ் தம்பி. ஆபத்தான விளையாட்டுல தொழில்முறையா கலந்துகிட்டாதான் மருத்துவ பாலிசியில விலக்குன்னு பொதுவான வாசகம். வேடிக்கை பார்க்கும்போது முட்டுனா அந்த விலக்குல வராது. விபத்து பாலிசியில வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படிச்சுப் பார்க்கணும். மாடு பிடிக்கப் போய் முட்டு வாங்கிட்டு "படியில விழுந்தேன்"னு எழுதாதீங்க. காயத்தைப் பார்த்தா டாக்டருக்குத் தெரியும்.

---

ஓசூர்_அப்பா | ஜூன் 3, மாலை 6:50

சிப்காட்டில் வேலை. எனக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருக்கிறது. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 போடுகிறது. அதிலேயே என் பையனுக்கும் வைத்தியம் உண்டு. அப்புறம் எதற்கு நான் 590 கட்ட வேண்டும்? கல்லூரி முதலில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டதா?

ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு கார்டு காட்டினால் குழப்பம்தான் வரும் என்று என் அனுபவம்.

---

அரூர்_ஆபீஸ் | ஜூன் 3, இரவு 8:12

கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது தோன்றவே இல்லை.

---

ஏஜென்ட்_காவேரிப்பட்டணம் | ஜூன் 3, இரவு 9:30

நான் ஏஜென்ட்தான், மறைக்கவில்லை. உங்கள் கொட்டேஷன் என்னுடையது இல்லை, அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

590 என்பது 500 பிரீமியம், 90 ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் இன்னும் உண்டு. 812 பேருக்கு 590 என்றால் 4,79,080 ரூபாய். அதில் 73,080 வரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். முதல் வருஷ விலை தூண்டில் புழு மாதிரி. அந்த வருஷம் டெங்கு வந்து கிளெய்ம் அதிகமானால் அடுத்த வருஷம் ரேட்டை ஏற்றுவார்கள், இல்லையென்றால் ரினியூ செய்ய இழுத்தடிப்பார்கள். நடுவில் பாலிசி நின்றுபோனால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஓசூர் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். ஈ.எஸ்.ஐ.யில் படிக்கிற மகனுக்கு 21 வயது வரைக்கும்தான். கல்யாணமாகாத மகளுக்கு அந்த வயது வரம்பு இல்லை. உங்கள் பையனுக்கு என்ன வயது?

---

ஓசூர்_அப்பா | ஜூன் 3, இரவு 9:41

வர்ற ஆகஸ்டில் 21 முடிகிறது. இது எனக்குத் தெரியாது. நன்றி.

---

வார்டன்_தர்மபுரி | ஜூன் 4, காலை 6:10

நான் பழைய நர்ஸ். ஓய்வுக்குப் பிறகு பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன்.

ஐயா எல்லாரும் ஆபரேஷன், பில் என்று பேசுகிறீர்கள். விடுதியில் ஒரு வருஷம் என் நோட்டில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன்: காய்ச்சல், வயிற்று வலி, மாதவிடாய் வலி, பல் வலி, கண்ணாடி உடைந்தது, ரத்தசோகை. இதில் ஒன்றுக்குக்கூட இந்த மாதிரி பாலிசி காசு தராது. 24 மணி நேரம் படுத்தால்தான் கணக்கு. டே கேர் என்று ஒரே நாளில் முடியும் சில சிகிச்சைகளுக்கு மட்டும் அந்த 24 மணி நேரம் தேவையில்லை. அந்த 590-ல் நூறு ரூபாயை எடுத்து வாரம் ஒருநாள் ஒரு டாக்டரை விடுதிக்கு வரவழைத்தால் பிள்ளைகள் உங்களைக் கும்பிடும்.

நாய்க்கடி, பாம்புக்கடி என்றால் நேராக அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே மருந்து இலவசம். தர்மபுரியில் மெடிக்கல் காலேஜ் 2008-லிருந்து இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கும் 2022-ல் போலுப்பள்ளியில் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பாம்பு கடித்த பிள்ளையைத் தனியாருக்குத் தூக்கிக்கொண்டு அலைவது முட்டாள்தனம்.

இன்னொரு விஷயம். என் விடுதியில் வலிப்பு உள்ள பெண்கள் இரண்டு பேர். வீட்டில் சொல்லாமல் சேர்த்தார்கள், "கல்யாணத்துக்குத் தெரிஞ்சிடும்" என்று. பழைய நோய்க்கு 2 வருஷம் காத்திருக்கும் பாலிசி அவர்களுக்கு வெறும் காகிதம். மனநலமும் கேளுங்கள். 2017 மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. கொட்டேஷனில் "மனநோய் விலக்கு" என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆனால் கவுன்சலிங் போவது புறநோயாளிக் கணக்கு, அதற்கு வராது. அதற்கு 14416 என்று அரசு எண் இருக்கிறது. என் விடுதிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

---

பழைய_மாணவன் | ஜூன் 4, காலை 11:25

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பைக்கோடு விழுந்தவன் நான். இரண்டாம் வருஷம் படிக்கும்போது. தொடை எலும்பு, ராடு வைத்தார்கள். 86,000 ஆனது. அப்பா இரண்டு கறவை மாட்டை விற்றார்.

நாலு மாசம் கழித்து ஊன்றுகோலோடு காலேஜ் போனபோது ஆபீஸ் அண்ணன் கேட்டார், "ஏன்டா, நம்ம பாலிசில கிளெய்ம் பண்ணலையா?"ன்னு. பாலிசியா? எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. எழுதிக் கொடுத்தோம். தகவல் தாமதம், ஒரிஜினல் பில் இல்லை என்று திரும்பி வந்தது. பாலிசி இருந்தது முதல்வர் ரூம் பீரோவில். நான் இருந்தது ஆஸ்பத்திரியில்.

எந்த பாலிசி வாங்கினாலும் சரி சார். ஐடி கார்டின் பின்பக்கம் பாலிசி நம்பரும் போன் நம்பரும் அச்சடியுங்கள்.

---

மாம்பழத்தோட்டம் | ஜூன் 4, காலை 11:40

இதைத்தான் நான் நேத்து சொன்னேன்.

---

டெஸ்க்மணி | ஜூன் 4, மதியம் 12:30

பழைய_மாணவன், தாமதம் என்று மட்டும் சொல்லி நிராகரித்தால் சண்டை போடலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாசம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு அது தாண்டியிருக்கும், மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெயர். நம் பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. கல்லூரி அனுப்பும் லிஸ்டில் மார்க் ஷீட் பெயர் இருக்கும், பையன் என்னிடம் நீட்டுவது ஆதார். "ஆள் வேறு" என்று கேஷ்லெஸ் (கையில் காசு கட்டாமல் சிகிச்சை) நிற்கும். ஒரு மணி நேரத்தில் கேஷ்லெஸ் அனுமதி பற்றி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டது. பெயர் தகராறு வந்தால் அது அரை நாள் ஆகிவிடும். லிஸ்டை ஆதாரில் இருப்பது போலவே தயார் செய்யுங்கள்.

---

ஏஜென்ட்_காவேரிப்பட்டணம் | ஜூன் 4, மாலை 5:15

யாரும் முதலமைச்சர் காப்பீட்டைப் பேசவே இல்லையே. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். 72,000 ஆக இருந்த வரம்பை 2022-ல் உயர்த்தினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு 25 வயது வரை, வேலையோ கல்யாணமோ ஆகும்வரை அதில் இடம் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு வருமான வரம்பே இல்லை. அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தனித் திட்டம், சம்பளத்தில் மாசம் 300 பிடித்தம். அரூர் சார், உங்கள் 812 பேரில் பாதிக்கு மேல் இந்த அட்டை வைத்திருப்பார்கள். எண்ணிப் பாருங்கள். 5 லட்சம் இருக்கிற பிள்ளைக்கு ஒரு லட்சத்தை விற்கிறார்கள்.

என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கொள்கிறேன், வீட்டில் திட்டப்போகிறார்கள்.

---

டெஸ்க்மணி | ஜூன் 4, மாலை 6:02

சரிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான். பெரிய ஆபரேஷன், இதயம், சிறுநீரகம், புற்றுநோய்க்கு அது தெய்வம். நாலு நாள் காய்ச்சலுக்குத் தனியாரில் படுத்துவிட்டு அட்டையை நீட்டினால் நான் கையை விரிக்க வேண்டியிருக்கும்.

விபத்துக்கு "நம்மைக் காக்கும் 48" இருக்கிறது, 2021 டிசம்பரில் ஆரம்பித்தது. முதல் 48 மணி நேரம், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு மட்டும்தான். ஓசூர் பிள்ளைகள் அத்திப்பள்ளி தாண்டி விழுந்தால் அது கர்நாடகம்.

---

வாலிபன்_ஊத்தங்கரை | ஜூன் 4, மாலை 6:20

ஹெல்மெட் போடலன்னா?

வார்டன்_தர்மபுரி | ஜூன் 4, மாலை 6:25

போடு கண்ணு. லைசென்ஸும் எடு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் விபத்து பாலிசியில் கை வைப்பார்கள்.

---

அரூர்_ஆபீஸ் | ஜூன் 13, இரவு 8:50

மன்னிக்கவும், ஒன்பது நாள் காணாமல் போய்விட்டேன். அட்மிஷன் நேரம். ஆனால் எண்ணி முடித்துவிட்டேன். வகுப்பு வகுப்பாக ஒரு தாள் கொடுத்து, ஆதார் பெயர், பிறந்த தேதி, வீட்டில் என்ன அட்டை என்று எழுத வைத்தோம்.

812 பேரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை 521. ஈ.எஸ்.ஐ. 93, அதில் 11 பையன்களுக்கு 21 முடிந்துவிட்டது, அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அரசு ஊழியர் பிள்ளைகள் 37. அப்பா அம்மாவின் கம்பெனி பாலிசி அல்லது சொந்த பாலிசி 40. ஒன்றுமே இல்லாதவர்கள் 121. அந்த 121-ல் வருமானத்தைப் பார்த்தால் 84 குடும்பம் முதலமைச்சர் திட்டத்துக்குத் தகுதி. விண்ணப்பிக்கவே இல்லை. ஒரு பெண்ணின் அம்மா போனில், "அது ஆஸ்பத்திரில படுத்தாதானே குடுப்பாங்க"ன்னு கேட்டார். நோய் வந்த பிறகு எடுக்கிற அட்டை என்று நினைத்திருக்கிறார்.

இதை முதல்வர் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு 590-ஐக் கிழித்துப் போடச் சொன்னார்.

118 விபத்து பாலிசியை 812 பேருக்கும் நிர்வாகமே எடுக்கும். 95,816 ரூபாய், பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. இதற்கு நான் பிடித்த பிடி அந்த 50,000. பெங்களூர் பஸ்ஸில் வாராவாரம் போய் வருகிற அப்பாக்கள் எங்களிடம் நிறையப் பேர். போன வருஷம் அப்பாவை ரோட்டில் பறிகொடுத்துவிட்டு இரண்டு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நானேதான் டி.சி. எழுதினேன்.

84 பேருக்கு அட்டை எடுத்துக் கொடுக்கப் போகிறோம். மிச்சம் 37 பேருக்கும் அந்த 11 பையன்களுக்கும் 1,180 பாலிசி எடுக்கலாமா என்று கேட்டேன், கம்பெனி மறுத்துவிட்டது.

---

ஏஜென்ட்_காவேரிப்பட்டணம் | ஜூன் 13, இரவு 9:20

மறுக்கத்தான் செய்வார்கள். பொறுக்கி எடுத்த 48 பேர் என்றால் நோயாளிகளாகத்தான் சேர்த்திருப்பீர்கள் என்று பயம். விடுதி முழுசும், இல்லை ஒரு வருஷத்துப் பிள்ளைகள் முழுசும் என்றால் பேசலாம். அந்த 48 குடும்பத்துக்கும் குடும்ப பாலிசி பற்றி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. இல்லை. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழைய நோயை மறைக்க வேண்டாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் 3 வருஷம் காத்திருப்பு, மறைத்தால் பின்னால் பாலிசியே போகும்.

---

டெஸ்க்மணி | ஜூன் 13, இரவு 9:48

எனக்கு முழுத் திருப்தி இல்லை. விடுதியில் டெங்கு வந்தால் உங்கள் கணக்கில் யார் கட்டுவது? அட்டையில் அது எல்லா நேரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அரூர்_ஆபீஸ் | ஜூன் 13, இரவு 10:05

தெரிகிறது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். வார்டன் அம்மா சொன்னபடி வாரம் ஒருநாள் டாக்டர் வருவதற்குப் பேசியிருக்கிறோம், காய்ச்சலை முதல் நாளே பிடித்தால் பாதி தப்பிக்கும். விடுதி முழுசுக்கும் 1,180 போட்டால் 2,71,400 ஆகிறது. நிர்வாகம் தராது. பிள்ளைகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாம்பழத்தோட்டம் | ஜூன் 13, இரவு 10:11

ஐடி கார்டு?

அரூர்_ஆபீஸ் | ஜூன் 13, இரவு 10:14

பின்பக்கம் பாலிசி நம்பர், கம்பெனி போன் நம்பர், என் போன் நம்பர் மூன்றும். அச்சுக்குக் கொடுத்தாயிற்று. பாலிசி நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டப் போகிறேன். உங்கள் பெண் கல்லூரியிலும் எழுத்தில் கேளுங்கள் ஐயா, நகல் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் தொகுதியாக 20 குடும்பத்தை வேனில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு அழைத்துப் போகிறேன். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது வேண்டுமா?

வார்டன்_தர்மபுரி | ஜூன் 13, இரவு 10:30

எல்லாத்துக்கும் இரண்டு ஜெராக்ஸ். திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு மனு நாள், கூட்டம் அலைமோதும். செவ்வாய் போங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க.

அரூர்_ஆபீஸ் | ஜூன் 13, இரவு 10:32

செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன் அம்மா.